அமுக்கினால் அமுங்காத கேன்

வாசல் காவலாளி போன் செய்து, "மேடம், உங்க வீட்டு ஆளு வந்திருக்காங்க. கேட்டுப் பக்கம் பூரா சோப்புத் தண்ணி. லாரி டிரைவர் ஒருத்தரு வழுக்கி விழுந்துட்டாரு. சீக்கிரம் வாங்க," என்று சொன்னபோது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. புதிதாக வந்த பிளாஸ்டிக் குருணை மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி உருக்கி, பத்து நிமிடத்தில் எவ்வளவு வழிகிறது என்று எடை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். விட்டுவிட்டுத்தான் போனேன். வீட்டு ஆள் என்று யார் வந்தாலும் எனக்கு ஒரு வேலை கெடாமல் இருந்ததில்லை.

நாலோங்கோ நின்றுகொண்டிருந்தாள். என் தம்பியின் மனைவி. நாலோங்கோ என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள். பெற்ற நாளிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை எங்கள் ஆட்கள் யாரும் சொல்வதில்லை. தம்பி எல்லை தாண்டி ஜூபாவுக்கு லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். இவள் கொல்லையில் நீலப் பீப்பாய் வைத்து, துடுப்பால் கிண்டி, திரவச் சோப்பு செய்து விற்கிறாள். வாடகை பைக்கின் பின்னால் எங்கள் கம்பெனியின் இருபது லிட்டர் மஞ்சள் கேன் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கைப்பிடி உடலோடு சேரும் மூலையில் ஒரு கீறல். அதிலிருந்து பச்சைச் சோப்பு சொட்டிச் சொட்டி பைக்காரனின் காலணிக்குள்ளேயே போயிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அவனுக்குப் புதுக் காலணி வாங்கித் தரவேண்டும் என்று தெரிந்தது.

என்னைக் கண்டதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி வணக்கத்துக்கு மண்டியிடப் போனாள். கீழே சோப்புத் தண்ணீர். "எந்திரி எந்திரி, வழுக்கும். என்ன இது," என்றேன்.

"அக்கா, பள்ளிக்கூடத்து ஸ்டோர்ல இருபத்தாறு கேன் இப்படி வெடிச்சிடுச்சு. சோப்பு பூரா ஓடி சோள மாவு மூட்டைக்கு அடியில போயிடுச்சு. என் சோப்புல ஆசிட் இருக்காம். கேனையே தின்னுருச்சு, பொண்ணுங்க கை என்னாவும்னு வார்டன் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கமிட்டி கூடி முடிவு பண்ணப் போறாங்களாம். கேன் மேலதான் தப்புன்னு கம்பெனியில ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்தா பாக்கலாங்குறாங்க."

ஒரே மூச்சில் சொன்னாள். பாதி வழியில் மனப்பாடம் செய்திருப்பாள். அறுநூறு பெண்கள் தங்கிப் படிக்கிற பள்ளி அது. அங்கே நிறுத்தினால் முக்கோனோ சாலையில் இருக்கிற சாப்பாட்டுக் கடை, முடி அலங்காரக் கடை எல்லாம் நிறுத்தும். ஏற்கெனவே கேனைத் தின்கிற சோப்பு என்று பேர் வந்துவிட்டதாம். சோப்புக்காரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? கேனைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பதினாறு வருடமாகப் பிளாஸ்டிக் பரிசோதனைக் கூடத்தில் நிற்கிறவள் நான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"காஸ்டிக் எவ்வளவு போட்டே?"

"எப்பவும் போடுற அளவுதான் அக்கா."

"அளந்து போட்டியா, கண்ணால பாத்துப் போட்டியா?"

அவள் பதில் சொல்லவில்லை. பைக்காரன் காலணியைக் கழற்றித் தண்ணீரை வடித்தான்.

அதற்குள் ஷிப்ட் மேஸ்திரி துமுசீமே வந்துவிட்டார். விருந்தாளி யார் வந்தாலும் அவருக்கு ஒரு வித்தை உண்டு. புதுக் கேன் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஏறி நின்று காட்டுவார். தொண்ணூற்றைந்து கிலோ ஆள். ஏறி நின்றார். கேன் முனகவில்லை. மேலிருந்தபடியே, "பாத்தீங்களா அம்மா? இது வெடிக்கிற கேனா? நீங்க சோப்புக் காய்ச்சுறீங்களா, சாராயம் காய்ச்சுறீங்களா?" என்றார். காவலாளி சிரித்தான். எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது, அதை நாலோங்கோ பார்த்துவிட்டாள்.

கேனை இறக்கி வைத்துவிட்டு, "நான் இங்கயே இருக்கேன்," என்று காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். போகச் சொன்னால் போகமாட்டாள் என்று தெரியும். கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

காரம் எவ்வளவு என்று காட்டுகிற தாளைச் சோப்பில் நனைத்தேன். காஸ்டிக் கூடியிருந்தால் பத்தைத் தாண்டும். எட்டு. என் வீட்டில் பாத்திரம் கழுவுவதற்கு நான் கடையில் வாங்குவது எட்டரை. மறுபடி நனைத்தேன், வேறு தாளை. எட்டுதான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அப்புறம் அதைவிட அடிப்படையான விஷயம் உறைத்தது. காஸ்டிக் சோடா கரைசலே இந்த மாதிரிப் பிளாஸ்டிக் பீப்பாயில்தான் வருகிறது. நாலோங்கோவின் கொல்லையில் கிடக்கிற நீலப் பீப்பாயே அதுதான். காஸ்டிக் இந்தப் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. இதைப் பள்ளிக்கூடப் பையன் சொல்வான். வாசலில் நின்று, காவலாளி முன்னால், அளந்தாயா என்று கேட்டவள் நான்.

கீறலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளேடால் அறுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. நல்ல கேன் உடைந்தால் ஓரங்கள் இழுபட்டு, நூல் நூலாகத் தொங்கும். இதில் ஒரு நூல் இல்லை. கேனைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சின்ன வட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்துக்கும் எண் போட்டு, நடுவில் ஒரு அம்புக்குறி. அம்பு மூன்றைக் காட்டியது, மார்ச் மாதம் செய்த கேன்.

போய் நாலோங்கோவைக் கேட்டேன். "கொல்லையில பழைய கேன் இருக்குமே, போன வருசத்துது. அதுலயும் இதே சோப்புதானே?"

"அதுல ஒண்ணும் ஆவலயே அக்கா. போன வருசத்துலேர்ந்து அதுலதான் ஊத்தி வைக்கிறேன். அது தொட்டா அமுங்கும். இதுதான் கெட்டின்னு ஸ்கூலுக்கு எல்லாம் புதுசா வாங்கிக் குடுத்தேன்."

கெட்டி என்ற அந்தச் சொல்லைப் பிப்ரவரியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கெட்டியின் கதை எங்கள் ஊர்ச் சந்தையில் ஆரம்பித்தது. இங்கே கேன் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் கட்டை விரலால் அதன் வயிற்றில் ஒரு அமுக்கு அமுக்குவார்கள். அமுங்கினால் மட்டம். அப்படியே கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். பிள்ளைகள் தலையில் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கும் குழாய்க்கும் போகிற சாமான், அதைப் பார்த்து வாங்குவது நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டை விரல்தான் எங்கள் விற்பனை ஆட்களின் தூக்கத்தைக் கெடுத்தது. போட்டிக் கம்பெனிக் கேன் அமுங்குவதில்லை, நம்முடையது அமுங்குகிறது என்று போன வருடம் முழுக்கப் புலம்பினார்கள். பிப்ரவரியில் வேறு ரகக் குருணை வந்தது. பார்க்க ஒரே வெள்ளைக் குருணை. மூட்டையின் மேல் ஒரு எண் மட்டும் வேறு. அதை உருக்கி அச்சில் ஊதிய கேன் கல் மாதிரி இருந்தது. சுவரை மெல்லிசாக்கினாலும் கல் மாதிரியே இருந்தது. துமுசீமே முதன்முதலாக ஏறி நின்றது அன்றைக்குத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மதியம் கோழிக்கறி வரவழைத்துச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம். கடையில் தக்காளி போட்டுக் கொடுக்கிற பையும், இந்தக் கேனும், எல்லாம் ஒரே சரக்கு. எத்திலீன் என்ற ஒன்றையே கோத்துக்கொண்டு போன நீளச் சங்கிலி. வித்தியாசம் கிளையில். சங்கிலியிலிருந்து கண்டபடி கிளை பிரிந்தால் ஒன்றோடொன்று நெருங்கிப் படுக்க முடியாது, இடைவெளி விழும், பை மாதிரி தொளதொளவென்று இருக்கும். கிளையே இல்லாவிட்டால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். எடை கூடும், விறைப்பாகும், உருக்க அதிகச் சூடு கேட்கும். எங்கள் பழைய ரகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் கிளைகள் இருந்தன. புதிய ரகத்தில் அதுவும் கிடையாது. தண்ணீருக்கும் பாலுக்கும் அது ராஜா. சோப்புக்கு எப்படி என்று பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பரிசோதனைதான் என் வேலை. கேனிலிருந்து பட்டை பட்டையாக அறுத்து, பிளேடால் ஒரு சின்னக் கீறல் போட்டு, வளைத்து ஒரு பித்தளைச் சட்டத்தில் சொருகி, சோப்பு மாதிரியான ஒரு திரவத்தில் சூட்டில் போட்டு வைக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் விரிகிறது என்று எழுத வேண்டும். அந்தத் திரவம் ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது. மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்றாவது முறை, பேர் வாயில் நுழையவில்லை என்று கொள்முதல் பிரிவில் போன் செய்தார்கள். "அது ஒரு மாதிரி சோப்பு, பரிசோதனைக் கூடத்துக்கு," என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் ஒரு பெட்டி நிறைய நீலச் சலவைச் சோப்புக்கட்டி வந்தது. கூடவே ஒரு துண்டு, கை துடைக்க.

இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுக்கு நாலு, தம்பி வீட்டுக்கு நாலு என்று கொடுத்தேன். பிப்ரவரியில் புது ரகம் வந்தபோது பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மூட்டையை மெஷினில் ஏற்ற மாட்டார்கள். கிகுண்டு, எங்கள் மேனேஜர், இரண்டு முறை ஆள் அனுப்பினார். "முன்பு போலவே. தேர்ச்சி," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரவம் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது.

பதிவேட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அதுவும் அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று பிற்பகலே பட்டைகள் அறுத்தேன். கீறல் விழுந்த கேனின் கெட்டுப்போகாத பக்கத்திலிருந்து ஐந்து. நாலோங்கோவை வீட்டுக்கு அனுப்பி எடுத்து வரச் சொன்ன பழைய கேனிலிருந்து ஐந்து. எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் கீறல் போட்டு, வளைத்துச் சொருகி, இரண்டு கண்ணாடி ஜாடியில் இறக்கினேன். திரவத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாலோங்கோவின் பச்சைச் சோப்பையே ஊற்றினேன். ஜனவரியிலிருந்து நான் எழுதி எழுதிக் கேட்ட சாமானுக்கு மாற்று என் தம்பி வீட்டுக் கொல்லையிலேயே பீப்பாய் பீப்பாயாக இருந்திருக்கிறது. ஒரு தடவை கூட எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை வந்து பார்த்தபோது புதிய கேனின் ஐந்து பட்டையும் குறுக்கே பிளந்திருந்தன. பழையது ஐந்தும் வளைந்தபடியே சும்மா இருந்தன. வியாழக்கிழமை காலையிலும் சும்மா இருந்தன. இரண்டு ஜாடியையும் எடுத்துக்கொண்டு கிகுண்டுவின் அறைக்குப் போனேன்.

கிகுண்டு கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வரலாம். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டார்.

"அடர்த்தி ஜாஸ்தி. கெட்டி ஜாஸ்தி. அப்ப பலமும் ஜாஸ்திதானே தபித்தா?"

"தண்ணிக்கு ஜாஸ்தி சார். சோப்புக்கு இல்ல."

"நாம சோப்புக் கேன்னு எங்கயாவது போட்டு விக்கிறோமா?"

"தண்ணிக் கேன்னும் போடல சார். எண்ணெய், சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாத்தையும் இதுலதான் ஊத்துறாங்க. ஒங்க வீட்ல எதுல ஊத்துறாங்க?"

அவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலை ஓட்டிக்கொண்டே வந்து பிப்ரவரியில் நிறுத்தினார். "இதுல தேர்ச்சின்னு இருக்கே. யாரு கையெழுத்து இது?"

"என்னோடது."

"அப்ப நான் பேப்பர் குடுத்தா, கேனும் தப்பு, சோதிச்ச ஆளும் தப்புன்னு ஆயிடும். மேலிடத்துல முதல்ல யாரைக் கேப்பாங்க? என்னையா?" குரலை உயர்த்தவே இல்லை. "இங்க பாரு. அடுத்த மாசத்துலேர்ந்து பழைய குருணைக்கே போயிடுவோம். நான் ஏற்பாடு பண்றேன். ஒங்க நாலோங்கோவுக்குப் பழைய சரக்குல மிச்சம் இருக்குற கேன் முப்பது, சும்மா எடுத்துக்கச் சொல்லு. லாரி கூட தர்றேன். பேப்பர் மட்டும் கேக்காதே. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ரெண்டு பொண்ணு காலேஜ் போவுது ஒனக்கு."

என் பெண்களை அவர் நினைவு வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது கேன் தாராளமாகத்தான் இருந்தது. அதனால் நாலோங்கோவின் பேர் திரும்பி வராது, அவ்வளவுதான். பேரைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை, நான் உட்பட. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது துமுசீமே, "என்ன மேடம், ஊறுகாய் போட்டிருக்கீங்களா?" என்று ஜாடியைக் காட்டிக் கேட்டார். "ஆமா, ஒங்க கேனைத்தான் போட்டேன்," என்றேன். அதற்கும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கூடை எடுத்து வந்திருந்தேன். அதில் இரண்டு ஜாடி, அதற்கு அடியில் பதிவேடு. கம்பெனிப் பதிவேடு வாசலைத் தாண்டக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிற சுவரைக் கடந்துதான் போக வேண்டும். காவலாளி கூடையைப் பார்த்து, "சாப்பாடா மேடம்?" என்றான். தலையாட்டினேன். எதற்குப் பதிவேட்டை எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. பேப்பர் இல்லாமல் வெறுங்கையோடு போக அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

லாரி முப்பது கேனையும் பள்ளிக்கூடச் சமையல்கட்டின் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. வெடித்த இருபத்தாறும், இன்னும் வெடிக்காமல் சோப்போடு இருக்கிற பத்துப் பன்னிரண்டும் சுவரோரமாக வரிசையில் நின்றன. இன்னொரு பக்கம் யூகலிப்டஸ் விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அடுப்பில் சோளக்களி கொதித்துக்கொண்டிருந்தது. வார்டன் அச்செங் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கமிட்டிக்காரர்கள் இரண்டு ஆசிரியைகள். நாலோங்கோ மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். நானும் மண்டியிட்டேன். கல் குத்தியது.

"எந்திரிங்க ரெண்டு பேரும்," என்றார் அச்செங். வடக்குப் பக்கத்துக்காரர். "எங்க ஊர்ல இதெல்லாம் இல்ல. இங்க வந்து இருபது வருசமாச்சு, இன்னும் யார் முட்டி போட்டாலும் எனக்குக் கூச்சமா இருக்கு. பேப்பர் எங்க?"

"பேப்பர் தரல," என்றேன். "கேன்தான் குடுத்தாங்க."

"கேன் நான் கேக்கலயே. இந்தம்மா சோப்புல என்ன இருக்குன்னுதான் கேட்டேன். கேனைத் தின்னுற சோப்புல அறுநூறு பொண்ணுங்க கை கழுவுது. நாளைக்கு ஒரு புள்ளைக்குத் தோல் உரிஞ்சா அவங்கப்பன் என் கழுத்தத்தான் பிடிப்பான்."

ஜாடிகளை வைத்தேன். பட்டைகளைக் காட்டினேன். ஒரே சோப்பு, இரண்டு கேன் என்றேன். அச்செங் பார்த்தார், ஆசிரியை ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். "ஒண்ணு ஒடஞ்சிருக்கு, ஒண்ணு ஒடயல. சரி. ஏன்?"

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஏன் என்று இந்த நாலு நாளில் கேட்ட முதல் ஆள் இவர்தான் என்பது அப்புறம்தான் தோன்றியது. எழுந்து விறகுப் பக்கம் போனேன். தோல் உரித்த நேர்க் கம்புகளாகப் பார்த்து ஏழெட்டு எடுத்து ஒரு கட்டாகச் சேர்த்துப் பிடித்தேன்.

"இது புதுக் கேன். கம்பு பூரா நேரா இருக்கு, வழுவழுன்னு. எவ்வளவு நெருக்கமாப் படுத்திருக்கு பாருங்க. அமுக்குனா அமுங்குதா? இப்ப நடுவுல ஒரு கம்ப மட்டும் இழுங்க."

அச்செங் இழுத்தார். ஈரக் கம்பு. சுலபமாக உருவிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் அடுப்புக்கு என்று போட்டிருந்த காப்பிக் கிளைகளில், வெட்டின இடத்தில் சின்னக் கிளைகளின் முனைகள் துருத்திக்கொண்டிருந்தவற்றை எடுத்துச் சேர்த்துப் பிடித்தேன். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. "இது பழைய கேன். அங்கங்க ஒரு சின்னக் கிளை நீட்டிக்கிட்டு இருக்கு. அதனால நெருக்கம் கொஞ்சம் கம்மி, அமுங்கும். இதுல ஒண்ண இழுங்க."

இழுத்தார். மற்றவற்றில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னும் பலமாக இழுத்ததில் கட்டே என்னோடு சேர்ந்து வந்தது.

"கேன் மேல கேன் நாலு அடுக்கு அடுக்குனீங்கள்ல, அப்ப கைப்பிடி மூலையில எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்ச மாதிரிதான் இருக்கும். சோப்பு எதையும் தின்னாது. நடுவுல போயி வழுக்க வைக்கும், அவ்ளோதான். நேர்க் கம்பு ஒண்ணொண்ணா உருவிக்கும். கிளை இருந்தா மாட்டிக்கிட்டு நிக்கும். எந்தச் சோப்பா இருந்தாலும் இதான் ஆவும். கடைச் சோப்ப ஊத்தியிருந்தாலும் இதே இருபத்தாறும் வெடிச்சிருக்கும்."

அச்செங் கையிலிருந்த கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, நீங்க சொல்றது புரியுது. ஆனா நீங்க யாரு? இந்தம்மா புருசனோட அக்கா. ஒங்க வீட்டு சோப்ப நீங்க விட்டுக் குடுப்பீங்களா? இவ்வளவு தெரிஞ்ச கம்பெனி, இந்தக் கேன எப்படி வெளிய விட்டாங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் கூடையில் இருந்தது. அதை எடுக்கும்போது எனக்குத் துணிச்சலெல்லாம் ஒன்றும் வரவில்லை. மற்றவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை அது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன், முட்டியில் கல் குத்திய இடம் வலித்தது, எல்லோர் மேலும் அலுப்பாக இருந்தது, என் மேல் எல்லோரையும்விட அதிகமாக. பதிவேட்டைப் பிரித்து பிப்ரவரிப் பக்கத்தை அவர் மடியில் வைத்தேன்.

"முன்பு போலவே, தேர்ச்சி," என்று அச்செங் சத்தமாகப் படித்தார். "யாரு போட்டது?"

"நான்."

"எதுல சோதிச்சுப் போட்டீங்க?"

"எதுலயும் சோதிக்கல. சோதிக்கிற திரவம் தீர்ந்து போச்சு. கேட்டதுக்குச் சலவைக்கட்டி வாங்கி அனுப்புனாங்க. நான் அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஆசிரியைகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். அச்செங் சிரிக்கவில்லை. நான் நாலோங்கோவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை வாசலில் பதில் சொல்லாமல் நின்றாளே, அதே முகம்.

"அந்த நீலக் கட்டி," என்றாள். "எனக்கும் நாலு குடுத்தீங்களே அக்கா. ஈஸ்டருக்கு முன்னாடி."

"ஆமா."

"கம்பெனியில போனசா குடுத்தாங்கன்னு சொன்னீங்க."

ஜாடிகளை எடுத்துக் கூடைக்குள் வைத்தேன். 

"செவ்வாய்க்கிழம என்னைக் கேட்டீங்களே," என்றாள் நாலோங்கோ.  என்னைக் கேட்டீங்களே என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் திட்டினால் பலிக்கும் என்பார்கள், அதையாவது செய்திருக்கலாம்.

அச்செங் தன்னுடைய ஸ்டோர் நோட்டை எடுத்து ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "இப்ப சொன்னத இதுல எழுதுங்க. கட்டி சமாச்சாரம் வேணாம். கேனச் சோதிக்கலன்னு எழுதிப் பேரு போடுங்க. கமிட்டிக்கு இது போதும்." பிறகு நாலோங்கோவைப் பார்த்து, "சோப்பு இருக்கட்டும்மா. இந்தக் கேனுங்கள மட்டும் எடுத்துட்டுப் போயிடு. திங்கக்கிழமைக்குள்ள இப்ப வந்த முப்பதுல மாத்திக் குடு," என்றார்.

நாலோங்கோ அவருக்கு மறுபடி மண்டியிட்டாள். இந்த முறை அச்செங் தடுக்கவில்லை.

நான் விறகுக் கட்டையில் உட்கார்ந்து எழுதினேன். தேதி, மூட்டை எண், கேனின் எடை, வேண்டியது வேண்டாதது எல்லாம் எழுதினேன். என் கையெழுத்து அழகாகத்தான் வந்தது. பாதி எழுதும்போது போன் அடித்தது. கிகுண்டுவின் பேர். பதிவேட்டைத் தேடியிருப்பார், அல்லது காவலாளி கூடையைப் பற்றிச் சொல்லியிருப்பான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

முற்றத்தில் நாலோங்கோ சோப்பை மாற்றி ஊற்றத் தொடங்கியிருந்தாள். லாரிக்காரன் போகிற அவசரத்தில் முப்பதையும் வெடித்துக் காலியான கேன்களோடு கலந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான், கீறலோ மயிரிழைதான், எது வெடித்த ரகம் எது பழைய ரகம் என்று மஞ்சளுக்குள் மஞ்சளாக ஒன்றும் தெரியவில்லை. அடியில் இருக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முதல் கேனின் வயிற்றில் கட்டை விரலை வைத்து அமுக்கினாள். அமுங்கவில்லை. தள்ளி வைத்தாள். அடுத்தது. அமுங்கவில்லை. தள்ளி வைத்தாள். மூன்றாவது உள்ளே குழிந்து, விரலை எடுத்ததும் டப்பென்று நிமிர்ந்தது. அதைத் தன் பக்கம் இழுத்து, புனலை வைத்து, ஊற்ற ஆரம்பித்தாள். என் மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கேனில் விரலை வைத்தாள்.